ஊட்டிக்கு ஐ.டி. பார்க் மட்டும் வந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட ஐரோப்பாவில் இருக்கும் எஸ்டோனியா நாட்டின் தலைநகர் தாலினைப் பற்றியும் அங்கே முளைத்த ஸ்டார்ட்அப் நிறுவனங்களைப் பற்றியும் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். அடுத்த நாள் காலையில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் அதே பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "அது நம்ம ஊரு மாதிரி குளிர் பிரதேசம்தானே, ஊட்டிக்கும் ஒரு ஐ.டி. பார்க் கட்டிக் கொடுத்தா நம்ம பசங்க ஏன் பெங்களூரு போறாங்க" என்பதுதான் பேச்சு. அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2019 முதல் 2022 வரை மூன்று வருடம் தாலினில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், கட்டடத்தை மட்டும் பார்த்து ஆசைப்படக் கூடாது என்று எனக்குப் படுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். தாலினின் மக்கள்தொகை நாலரை லட்சம். எஸ்டோனியா முழுவதையும் சேர்த்தால் 13 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. 2011 கணக்கெடுப்பின்படி நம் நீலகிரி மாவட்டத்தில் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர், அதாவது அந்த நாடே நம் மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குகூட வராது. 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியே வந்தபோது அவர்கள் கையில் பெரிதாகப் பணம் இல்லை. டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இருட்டில் நடப்பவர்கள் கோட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற ஒரு சின்ன வில்லையைத் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும், அது அங்கே சட்டம். தலைகுந்தாவில் விடியற்காலை உறைபனியைப் பார்த்து வளர்ந்த எனக்கே முதல் வருடம் உடம்பு தாங்கவில்லை.

அந்த ஊரில் பழைய தொழிற்சாலைகள்தான் இன்றைக்கு அலுவலகங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உலெமிஸ்தெ சிட்டி என்று ஒரு வளாகம், பல ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள். அந்த இடம் ஜார் காலத்தில் ரயில் பெட்டி செய்த தொழிற்சாலை, சோவியத் காலத்தில் ராணுவத்துக்கு ரகசியமாகப் பொருள் செய்த ஆலை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் தெல்லிஸ்கிவி என்று இன்னொன்று, அந்தப் பெயருக்குச் 'செங்கல்' என்றே பொருள். ரயில்வே பட்டறையாக இருந்த செங்கல் கொட்டகைகளில் இப்போது சின்னச் சின்ன நிறுவனங்கள், கடைகள், நாடக அரங்கு எல்லாம் நடக்கின்றன. அவற்றைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு ஊட்டி இந்து நகர்தான் ஞாபகம் வரும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தி தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட ஆலை, டிஜிட்டல் கேமரா வந்த காலத்தில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டது. எங்கள் ஹட்டியிலிருந்தே, அதாவது எங்கள் படுகர் கிராமத்திலிருந்தே, நாலு பேர் அங்கே வேலை பார்த்தார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது இன்றும் அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க மாட்டார்கள். அதனால் 'மூடிய ஆலையை ஐ.டி. வளாகமாக்கலாமே' என்று ஒருவர் சொன்னால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உலெமிஸ்தெ சிட்டியைக் கட்டத் தொடங்கியது 2005 வாக்கில். அங்கே உட்கார்ந்து வேலை செய்யப்போகிற ஆட்கள் அதற்குப் பத்து வருடம் முன்பிருந்தே தயாராகிக்கொண்டிருந்தார்கள். வரிசை அதுதான்.

1996இல் அவர்கள் 'புலிப் பாய்ச்சல்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நாட்டின் எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கம்ப்யூட்டர், இணைய இணைப்பு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி. சாப்பாட்டுக்கே சிரமப்பட்ட ஒரு அரசாங்கம் அந்தக் காசை அங்கே போட்டது. நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2011இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது, அடுத்த வருடம் பிளஸ் டூவில் எனக்கும் ஒன்று கிடைத்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் போனால் இரண்டு நாள் வராது, பேட்டரி தீர்வதற்குள் முடித்தாக வேண்டும் என்று போர்வைக்குள் உட்கார்ந்து நான் முதன்முதலாகப் புரோகிராம் எழுதியது அந்த மடிக்கணினியில்தான். விதை நமக்கும் போட்டார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அப்புறம் என்ன ஆனது என்பதில்தான் இரண்டு ஊரும் பிரிகிறது.

இணையம் வழியாகப் பேச உதவிய ஸ்கைப்பின் கதையை உங்கள் கட்டுரை இரண்டு வரியில் முடித்துவிட்டது, என் பார்வையில் மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. 2003இல் ஸ்கைப்பைத் தொடங்கிய நிக்லஸ் சென்ஸ்ட்ரோம் சுவீடன்காரர், யானஸ் ஃப்ரீஸ் டென்மார்க்காரர். மென்பொருளை எழுதியது தாலினில் இருந்த எஸ்டோனியர்கள். 2005இல் ஈபே நிறுவனம் 260 கோடி டாலருக்கு அதை வாங்கியது, 2011இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு வாங்கியது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கிற அப்பாவோடு ஸ்கைப்பில் பேசி வளர்ந்த பிள்ளைகள் நம் ஊரிலும் ஏராளம். சரி, விற்ற பணம் எங்கே போனது? பெரும்பங்கு வெளிநாட்டுக்குத்தான். ஆனால் யான் தாலின், அஹ்தி ஹெய்ன்லா, ப்ரீத் கசேசலு, தொய்வோ அன்னுஸ் என்ற நான்கு எஸ்டோனிய பொறியாளர்கள் தங்கள் பங்குக்காக ஒரு முதலீட்டு நிறுவனம் வைத்திருந்தார்கள், அந்த வழியாக ஒரு பகுதி அடுத்த தலைமுறை நிறுவனங்களுக்குள் போனது. ஸ்கைப்பில் முதல் ஊழியராகச் சேர்ந்த தாவெத் ஹின்ரிகுஸ் 2011இல் கிறிஸ்தோ கார்மனோடு சேர்ந்து டிரான்ஸ்பர்வைஸ் ஆரம்பித்தார், இன்றைக்கு அதன் பெயர் வைஸ். அதன் தொடக்கம் நம் ஊர்க் கைமாற்றேதான்: லண்டனில் இருந்த ஒருவருக்குச் சம்பளம் யூரோவில், செலவு பவுண்டில். இன்னொருவருக்குச் சம்பளம் பவுண்டில், ஊரில் வீட்டுக் கடன் கட்ட வேண்டியது யூரோவில். வங்கிக்குக் கமிஷன் அழாமல் நீ எனக்குக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன் என்று மாற்றிக்கொண்டார்கள், அதைத்தான் பிறகு தொழிலாக்கினார்கள். 2021இல் லண்டன் பங்குச் சந்தைக்குப் போகும் அளவுக்கு வளர்ந்தது. ஹெய்ன்லா 2014இல் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன ரோபோ செய்யும் ஸ்டார்ஷிப்பைத் தொடங்கினார். நான் இருந்த முஸ்தமே பகுதியில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் பழைய சோவியத் அடுக்குமாடிகளுக்கு இடையில், ஆறு சக்கரத்தோடு அந்த ரோபோ நடைபாதையில் மளிகைச் சாமான் ஏற்றிப் போகும். பனியில் சக்கரம் மாட்டிக்கொண்டால் தெருவில் போகிற கிழவி குனிந்து ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவார். என்னைக் கேட்டால், அந்தத் தள்ளுதான் அந்த ஊர்.

அந்த ஸ்கைப்பை 2025 மே மாதத்தோடு மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. மூடினாலும் தாலினில் பெரிய இடி விழவில்லை, ஏனென்றால் அதில் வேலை கற்றவர்களும் அதில் சம்பாதித்த காசும் பத்துப் பதினைந்து வருடம் முன்பே ஊருக்குள் வேறு வேறு இடத்தில் வேர் விட்டிருந்தன. நம் இந்து நகர் ஆலை மூடியபோது அப்படி எதுவும் இல்லை. அதில் இருந்த ரசாயனத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள், குளிர்பதன மெக்கானிக்குகள், ஃபிட்டர்கள் எல்லாரும் செட்டில்மென்ட் வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவர்களை ஒரு இடத்தில் உட்காரவைத்து, இதோ கொஞ்சம் பணம், நீங்களே ஒன்று தொடங்குங்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

இங்கே முதலீடு என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் மலையில் அந்தச் சொல்லுக்கு நிஜத்தில் கடன் என்றுதான் அர்த்தம். ஊட்டி கேரட், பீட்ரூட் போடுகிற விவசாயிக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்காரர் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுப்பார், விளைந்ததை அந்த மண்டிக்கே அனுப்ப வேண்டும். ஆலங்கட்டி மழையில் போனாலும், காட்டெருமை மேய்ந்துவிட்டுப் போனாலும், முன்பணம் கணக்கில் நிற்கும். மண்டிக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் பாதிப் பேர் உழவே முடியாது. ஆனால் தாலினில் ஏஞ்சல் முதலீட்டாளர் என்று சொல்கிறவர் கொடுக்கும் பணம் வேறு வகை. அவர் கம்பெனியில் பங்கு எடுத்துக்கொள்கிறார், கம்பெனி மூழ்கினால் அவர் பணமும் கூடவே மூழ்குகிறது, யார் வீட்டு வாசலிலும் வந்து நிற்க மாட்டார். பத்தில் ஏழு எட்டு போய்விடும் என்று தெரிந்தேதான் போடுகிறார்கள். அப்படிப் போடுகிறவர்கள் 2012இல் ஒரு சங்கமே வைத்து, தனித்தனியாக இல்லாமல் கூட்டாகச் சேர்ந்து சிறு சிறு தொகையாகப் போட ஆரம்பித்தார்கள். 2013இல் மார்குஸ் விலிக் என்ற 19 வயதுப் பையன் வீட்டில் 5,000 யூரோ வாங்கிக்கொண்டு, தெருவில் நிற்கும் டாக்சி டிரைவர்களிடம் நேரில் போய்ப் பேசி ஆள் சேர்த்து ஆரம்பித்ததுதான் இன்றைக்கு பல நாடுகளில் ஓடும் போல்ட் நிறுவனம்.

அரசாங்கத்தின் பங்கும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஒரு கம்பெனி சம்பாதித்த லாபத்தைத் தொழிலிலேயே திரும்பப் போட்டால் வரி கிடையாது, வெளியே எடுத்தால்தான் வரி. ஊழியருக்குக் கொடுக்கும் பங்கு உரிமையை மூன்று வருடம் காத்திருந்து எடுத்தால் வரிச் சுமை குறையும், அதனால் பங்கை ஊழியருக்கும் பிரித்துக் கொடுக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் மதியச் சாப்பாட்டு மேஜையில் அடையாள அட்டையைக் கம்ப்யூட்டரில் செருகி, ரகசிய எண் போட்டு, சூப் ஆறுவதற்குள் தன் கம்பெனிப் பதிவுக்கான விண்ணப்பத்தை முடித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு அலுவலகத்திடம் கொடுத்த விவரத்தை இன்னொரு அலுவலகம் மறுபடி கேட்கக் கூடாது, அவர்களுக்குள்ளே பேசி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. அதற்கான இணைப்பை 2001லேயே போட்டுவிட்டார்கள்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கட்டுரை இந்தப் பக்கத்தைச் சொல்லவே இல்லை, அது எனக்கு வருத்தம். அதே எஸ்டோனியாவில் டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கிக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20 ஆயிரம் கோடி யூரோ பணம் போயிருக்கிறது, பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று பின்னால் வெளிவந்து உலகமே அதிர்ந்தது. கிரிப்டோ என்கிற டிஜிட்டல் நாணயக் கம்பெனிகளுக்கு உரிமத்தை வாரி வழங்கிவிட்டு, அப்புறம் சட்டத்தை இறுக்கி நிறைய உரிமங்களை ரத்து செய்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் யார் யார் உள்ளே வருகிறார்கள் என்று பார்க்கவும் ஆள் வேண்டும். 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், உலகம் முழுக்க வட்டி ஏறியதும், முதலீடு சட்டென்று சுருங்கியது. நான் இருந்த கம்பெனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கூட்டம் போட்டு நாற்பது பேரை அனுப்பினார்கள், அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரு வாரத்தில் பழைய நண்பருடைய புதுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, வந்துவிட்டேன். வரியும் அங்கே ஏறிக்கொண்டே போகிறது, விற்பனை வரி 20 சதவீதமாக இருந்தது 2025 ஜூலையில் 24 சதவீதமாகிவிட்டது. பெரிதாக வளர்கிற கம்பெனிகள் தலைமையிடத்தை லண்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நகர்த்துவது இன்னொரு கவலை, வைஸே தன் பங்குகளின் முதன்மைச் சந்தைப் பதிவை லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கு மாற்றப்போவதாக 2025இல் சொல்லிவிட்டது. உள்ளூர்ச் சந்தை அவ்வளவு சின்னது, முதல் நாளிலிருந்தே வெளிநாட்டைப் பார்த்துத்தான் கடை விரிக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். திரும்பி வந்த பிறகு நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பச்சைத் தேயிலை எடைக் கணக்குக்காக ஒரு ஆப் செய்தோம். தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மழை நாளில் ஈரம் என்று சொல்லி எடையில் கழிப்பார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்பது சீட்டில் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. மாதக் கடைசியில் அம்மா அந்தச் சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து விரித்து வைத்துக்கொண்டு கூட்டுவார், ஃபேக்டரிக் கணக்கோடு ஒரு மாதமும் ஒத்துப்போனதில்லை. அதற்குத்தான் அந்த ஆப். எடை போடும்போதே இரண்டு பக்கத்து போனிலும் ஒரே எண் பதிவாகும், சிக்னல் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

பணத்துக்காக ஒரு வங்கிக்குப் போனோம். மேலாளர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார். கடைசியில் "பட்டா இருக்கா தம்பி?" என்றார். எங்கள் நிலம் இன்றும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது, ஒன்பது பேர் கையெழுத்து வேண்டும், அதில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. எங்கள் ஹட்டியில் பாதி வீட்டுக்கு இதே கதைதான். உரிமத்துக்காக இன்னொரு அலுவலகத்துக்குப் போனபோது, போன மாதம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கொடுத்த அதே ஐந்து ஜெராக்ஸை மேல்தளத்துக்கு மறுபடி கொடுக்கச் சொன்னார்கள்.

கடைசியில் பணம் கொடுத்தது எங்கள் ஹட்டியில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா. எனக்கு ஆறாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். ஒரு லட்சம் ரூபாய். வட்டி வேண்டாம், பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடு, போனால் போகட்டும், ஆனால் ஒவ்வொரு மாதமும் கணக்கை என் கண்ணில் காட்ட வேண்டும் என்றார். மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கண்ணாடியோடு வந்துவிடுவார். "இந்த நாலாயிரம் எதுக்கு? போன மாசம் ரெண்டாயிரம்தானே?" என்று சிவப்புப் பேனாவால் ஒரு சுழி போடுவார். எனக்கு அந்த நேரத்தில் பயம் வரும், ஆனால் அந்தச் சிவப்புச் சுழியால் நாங்கள் நிறுத்திய வீண் செலவுகள் உண்டு. தாலினில் நான் பார்த்த பெரிய முதலீட்டாளர் யாரும் இவரைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை. இன்றைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் எங்கள் ஆப்பில் எடை பார்க்கிறார்கள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஐ.டி. பார்க் கோரிக்கையை எழுதுங்கள், கூடவே இதையும் எழுதுங்கள். 'ஸ்டார்ட்அப் டி.என்.' என்ற நம் அரசு அமைப்பு டான்சீட் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை ஆரம்ப நிதி கொடுக்கிறது, பெண்கள் நடத்துவதற்கு இன்னும் கூடுதல். இது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. விண்ணப்பிக்கத் தெரிந்தவர்கள் சென்னைக்கும் கோவைக்கும் ஓடுகிறார்கள். அந்த அதிகாரிகள் மாதத்தில் ஒரு நாள் மலையேறி வந்து குன்னூரில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் எவ்வளவோ மாறும். மழைக்காலத்தில் அறுந்த கம்பியை அதே நாளில் கட்டிக் கொடுத்தாலே வீட்டிலிருந்து வேலை செய்கிற பத்துப் பேர் பெங்களூருக்குத் திரும்பிப் போக மாட்டார்கள். சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக்குப் போனபோது அதன் ஊழியர்கள் 500க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நீங்களே எழுதினீர்கள். அவர்களில் நம் மலையைச் சேர்ந்தவர்கள் இருந்தால் தேடிப் பிடித்துப் பேட்டி எடுங்கள், ஊரில் எதில் பணம் போடுவீர்கள் என்று கேளுங்கள்.

ஏனென்றால் வெளியே போய்ச் சம்பாதிக்கிற நம் ஆட்கள் ஊரில் பணம் போடாமல் இல்லை. போடுவதெல்லாம் காட்டேஜாகத்தான் முளைக்கிறது. டூரிஸ்ட்டை நம்பித் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு அறை கட்டுகிறார்கள், மே மாதம் நிறைகிறது, ஜூலை மழையில் பூட்டிக் கிடக்கிறது, அந்த அறையைக் கூட்டிப் பெருக்குகிற வேலையைத் தவிர அதில் நம் படித்த பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு அறை கட்டுகிற செலவில் மூன்று பேர் ஒரு வருடம் உட்கார்ந்து ஏதாவது செய்து பார்க்கலாம். தேயிலை வாடவைக்கும் இயந்திரத்துக்கு ஈரம் அளக்கும் கருவி, காட்டெருமையும் யானையும் வந்தால் போனுக்குத் தகவல் சொல்லும் கருவி, இங்கே பழுதானால் கோவையிலிருந்து ஆள் வரவேண்டியிருக்கிற எத்தனையோ சாமான்கள், செய்ய வேலையா இல்லை?

ஜனவரியில் எங்கள் படுகர் மக்களின் ஹெத்தை பண்டிகைக்கு எங்கள் ஆட்கள் எங்கே இருந்தாலும் வெள்ளை உடுத்திக்கொண்டு ஊர் வந்துவிடுவார்கள், பெங்களூரு, சென்னை, துபாய், அமெரிக்கா எல்லா ஊர்க்காரர்களும் ஒரே இடத்தில் நிற்கிற நாட்கள் அவை. பண்டிகை முடிந்த மறுநாள் காலை பதினோரு மணிக்கு எங்கள் ஹட்டி சமுதாயக் கூடத்தில் உட்காருவதாக முடிவு செய்திருக்கிறோம். தொழில் தொடங்க நினைக்கிற ஆறு பேர் தங்கள் கணக்கை நோட்டில் எழுதிக் கொண்டுவருகிறார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். பணம் போடுகிறவர் குறைந்தது பத்தாயிரம் போடலாம், போடாவிட்டாலும் வந்து கேள்வி கேட்கலாம். முதல் வரிசையில் டீச்சரம்மா சிவப்புப் பேனாவோடு இருப்பார். உங்கள் நிருபரையும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயியின் மகன்,
கோத்தகிரி.